வில்லனுக்கும் ஒரு நாற்காலி: பிள்ளைகளோடு மாயப் படம் பார்க்க முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஜூன் விடுமுறை. மழை விடாமல் பெய்த ஒரு மதியம், சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பாலர் பள்ளிக்குப் போகும் மகன், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகள், தொடக்கநிலை ஆறில் படித்த அக்கா மகன். பாட்டிக்காகப் பழைய எம்ஜிஆர் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். பாட்டு வந்தது, சண்டை வந்தது, மூன்று பேரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் நம்பியார் வந்தார். இரண்டு கைகளையும் மெல்லப் பிசைந்துகொண்டு, கழுத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் ஒரு பார்வை. மூன்று தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

மறுநாள் மாலை லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தோம். அக்கா மகன் கையைப் பிசைந்தபடி, “வரட்டும் சித்தி, அந்த லிஃப்டை நான் பார்த்துக்கிறேன்” என்றான். நான் தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை அவன். யாரும் சொல்லிக் கொடுக்காமல், முழுசாக ஒரு தமிழ் வாக்கியம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் எங்கள் வீட்டில் வில்லன் படவரிசை நடக்கிறது. அதை எப்படி நடத்துவது, எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: படத்தைத் தேடாதீர்கள், வில்லனைத் தேடுங்கள்

வழக்கமாக நாம் படத்தின் பெயரைப் பார்க்கிறோம், தரப் பிரிவைப் பார்க்கிறோம். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தரும் ஜி, பிஜி, பிஜி13 முத்திரைகள் கட்டாயம் உதவும். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்பது அந்த முத்திரைக்குத் தெரியாது. என் மகனுக்கு ரத்தம் ஒரு பொருட்டே இல்லை. அம்மாவைக் காணோம் என்று ஒரு கன்றுக்குட்டி அழுதால் இரவெல்லாம் தூங்கமாட்டான். அதனால் முதலில் வில்லனைப் பாருங்கள். அவன் என்ன செய்கிறான்? அடிக்கிறானா, ஏமாற்றுகிறானா, பிரிக்கிறானா? மூன்றும் மூன்று விதமான பயம்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் தொடக்கம் எஸ்.வி. ரங்காராவ். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதல் வாரம் ‘மாயா பஜார்’ (1957). பார்த்தால் பயமாக இருக்கும் கடோத்கஜன் அதில் நல்லவன். கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுத் தீர்க்கிற அந்தக் காட்சி வந்ததும் ஐந்து வயதுப் பிள்ளைகூட அவன் கட்சிக்குப் போய்விடும். அடுத்த வாரம் ‘பாதாள பைரவி’ (1951). அதே ரங்காராவ், இயக்குநரும் அதே கே.வி. ரெட்டி. ஆனால் இங்கே அவர் நேபாள மாந்திரீகன். “இது போன வாரம் லட்டு சாப்பிட்ட மாமாதானே?” என்று என் மகன் கேட்டான். ஆமாம் என்றேன். அவனுக்குள் ஏதோ ஒரு கதவு அப்போது திறந்தது. முகம் ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறாக இருக்கலாம் என்பதை ஐந்து வயதில் புரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

இரண்டாம் படி: நுழைவைத் தவறவிடாதீர்கள்

வில்லன் வரும் முதல் காட்சியில் யாரும் கழிவறைக்குப் போகக்கூடாது, முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் இது.

நுழைவின் அருமை நம் கூத்துக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் துரியோதனன் இருக்கிறான். சலங்கைச் சத்தம் வரும், குரல் வரும், கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே ஆடும். ஆள் வரமாட்டான். கூட்டம் காத்திருக்கும். திரை விலகும்போது அவன் பாதி ஜெயித்துவிட்டான். இங்கே சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதியை ஒட்டி மகாபாரதக் காட்சிகளை நடித்துக் காட்டுவார்கள். ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பாருங்கள். கௌரவர்கள் வரும்போது கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள்.

அதைப் பார்த்துவிட்டு வந்து 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடர் நுழையும் இடத்தைப் போட்டுக் காட்டினேன். வெள்ளைச் சுவர், வெள்ளை உடையில் வீரர்கள், வெடித்த கதவிலிருந்து வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து தலை முதல் கால் வரை கறுப்பாக ஓர் உருவம். மகள் உடனே சொன்னாள்: “அம்மா, புகைதான் திரை.” நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கோயிலில் பார்த்ததை அவளே இங்கே கொண்டுவந்து பொருத்தினாள்.

மூன்றாம் படி: “அவனுக்கு என்ன வேணும்?”

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வில்லன் வந்து பத்து நிமிடம் ஆனதும் படத்தை நிறுத்தி, “அவனுக்கு என்ன வேணும்?” என்று கேளுங்கள். “அவன் கெட்டவன்” என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கெட்டவன் என்பது நாம் வைக்கும் பெயர். அவனுக்கு வேண்டியது ஏதோ ஒன்று இருக்கும்.

என் முடிவு இதுதான்: வில்லன் மனசில் தங்குவது அவன் செய்யும் கொடுமையால் இல்லை. அவன் ஆசை நமக்குப் பளிச்சென்று தெரிவதால். அந்த ஆசை பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கும் இருக்கக்கூடிய ஆசைதான்.

‘ஸ்லீப்பிங் பியூட்டி’ (1959) படத்தின் மெலிஃபிசன்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு வைத்த கறுப்புத் தலை, பச்சை நெருப்பு, தோளில் காக்கை. எல்லாம் சரி. அவள் ஏன் வந்தாள்? குழந்தை பிறந்த விழாவுக்கு ஊரையே கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான். இந்த இடத்தில் படத்தை நிறுத்தியபோது கூடத்தில் சத்தமே இல்லை. அதற்கு முந்தைய மாதம் வகுப்புத் தோழி ஒருத்தி பிறந்தநாள் அழைப்பிதழ் கொடுத்தாள், என் மகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. “கூப்பிட்டிருக்கலாம்” என்றாள் மகள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா பாப்பாவுக்குச் சாபம் கொடுத்தது தப்பு. பாப்பாவா லிஸ்ட் எழுதிச்சு?” என்றாள். கோபம் நியாயம், பழி வாங்கிய விதம் அநியாயம் என்று ஒன்பது வயதில் பிரித்துச் சொல்லிவிட்டாள். இதை நான் நேராக உட்கார்ந்து பேசியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள்.

‘பாதாள பைரவி’யில் இது இன்னும் அழகு. இளவரசியை மணக்க வேண்டுமானால் ராஜாவுக்கு ஈடான செல்வத்தோடு வரவேண்டும் என்கிறார்கள், அதனால் கதாநாயகனுக்குக் கேட்டதையெல்லாம் கொடுக்கும் சிலை தேவைப்படுகிறது. மாந்திரீகனுக்கும் அதே சிலைதான் வேண்டும். அதற்காக அவன் ஒரு வீரனைப் பலி கொடுக்கத் துணிகிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, ஒரே குகை. எங்கே பிரிகிறார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, பாட்டியும் சேர்ந்துகொண்டார்.

அண்மைக் காலப் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடைசிவரை நல்லவனாக இருந்துவிட்டு, முடிவில் திடீரென்று முகமூடியைக் கழற்றுகிற வில்லன்கள். ‘ஃப்ரோசன்’ (2013) படத்து ஹான்ஸ் அப்படித்தான். திருப்பம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் ஆசையோடு நாம் ஒன்றரை மணி நேரம் வாழவில்லை. ஹான்ஸ் மாதிரி நடித்துக் காட்டிய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான்காம் படி: கண்ணை மூடிக் கேளுங்கள்

படத்தைப் பாதியில் நிறுத்திப் பேசுவதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது இந்த விளையாட்டு. திரையை ஒரு போர்வையால் மூடிவிடுங்கள். ஒலி மட்டும் வரட்டும். வில்லன் எப்போது வருகிறான் என்று கை தூக்க வேண்டும்.

பி.எஸ். வீரப்பாவின் சிரிப்புக்கு ஒரு நொடியில் கை தூக்கிவிடுவார்கள். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் இடத்தில் “சபாஷ், சரியான போட்டி” என்பாரே, அந்தக் குரல் இன்று எங்கள் வீட்டில் மேசைப் பந்து விளையாட்டில் ஒலிக்கிறது. டார்த் வேடருக்கு வசனமே வேண்டாம், மூச்சு போதும். முக்குளிப்பவர்கள் பயன்படுத்தும் மூச்சுக் கருவியில் ஒலிவாங்கியை வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தவர் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். உடையணிந்து நடந்தவர் டேவிட் பிரவுஸ், பேசியவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். ஒரு வில்லனைச் செய்ய மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் ‘பாகுபலி’ (2015) படத்தில் வரும் காலகேயர் கூட்டத்தின் தலைவனைச் சேர்த்துக்கொள்ளலாம். போர்க்காட்சிகள் கடுமையானவை, அதனால் சின்னவர்களைத் தூங்கவைத்துவிட்டுப் போடுங்கள். அந்தக் கூட்டத்துக்காக மதன் கார்க்கி ‘கிளிக்கி’ என்ற மொழியையே புதிதாக உருவாக்கினார். ஒரு சொல்லும் புரியாது, ஆனால் மிரட்டுகிறான் என்பது புரியும். அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: “சாப்பாடு ஆறிப்போச்சு” என்ற வாக்கியத்தை வில்லன் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். மெதுவாக, உரக்க, சிரித்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டே. தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளைகூட வில்லன் குரலில் பேசக் கூச்சப்படுவதில்லை. உச்சரிப்பு தப்பாகிவிடுமோ என்ற பயம் அந்த வேஷத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஐந்தாம் படி: வேஷத்தைக் கழற்றிக் காட்டுங்கள்

பிள்ளை உண்மையிலேயே பயந்துவிட்டால் என்ன செய்வது? அடையாளம் எளிது. விளையாட்டுப் பயத்தில் கண்ணை மூடுவார்கள், ஆனால் விரல் இடுக்கால் பார்ப்பார்கள். உண்மைப் பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு எதையாவது பேசுவார்கள். அப்படி நடந்தால் உடனே நிறுத்துங்கள். “இதுக்குப் போய் பயமா” என்ற பேச்சே வேண்டாம். விளக்கைப் போட்டுவிட்டு நடிகரைப் பற்றிப் பேசுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மார்கரெட் ஹாமில்டனின் கதை. ‘தி விசர்ட் ஆஃப் ஓஸ்’ (1939) படத்தின் பச்சைமுகச் சூனியக்காரி அவர். நடிக்க வருவதற்கு முன் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். படப்பிடிப்பில் நெருப்புப் பட்டு முகத்திலும் கையிலும் மோசமான காயங்கள் ஏற்பட்டு, வாரக்கணக்கில் வேலைக்கு வரமுடியாமல் கிடந்தார். பிள்ளைகள் தன்னைக் கண்டு பயப்படுவது அவருக்கு வருத்தம். 1975-இல் பிரெட் ராஜர்ஸின் குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் போய், சாதாரண உடையில் சிரித்துப் பேசிவிட்டு, அந்தக் கறுப்பு உடையையும் தொப்பியையும் எல்லாரும் பார்க்க ஒவ்வொன்றாக அணிந்து காட்டினார். அடுத்த வருடம் ‘செசமி ஸ்ட்ரீட்’டில் அதே சூனியக்காரியாக வந்தபோது, பிள்ளைகள் பயந்தார்கள் என்று பெற்றோர்களிடமிருந்து புகார்கள் குவிந்து, அந்தப் பகுதி மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. வேஷம் போடுவதைக் கண்முன்னே காட்டினால் பயம் இறங்குகிறது, காட்டாமல் திடீரென்று வந்தால் ஏறுகிறது.

நம்மிடம் நம்பியார் இருக்கிறார். திரையில் சாட்டை எடுத்தவர், வீட்டில் சைவம். ஆண்டுதோறும் மாலை போட்டுச் சபரிமலை போன குருசாமி. அவர் மாலையும் விபூதியுமாக இருக்கும் படத்தை மகனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ எம்ஜிஆர் அவரை அடிச்சது பாவம்” என்றான்.

ஆறாம் படி: வெறும் பயத்தையும் ஒருமுறை காட்டுங்கள்

பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் ஹா பார் வில்லாவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். புலித்தைலக் குடும்பத்தின் ஆவ் பூன் ஹா 1937-இல் அமைத்த தோட்டம். அங்கேயுள்ள பத்து நரக நீதிமன்றங்கள் இந்த ஊரில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளை மிரட்டியவை. மாட்டுத்தலையும் குதிரைத்தலையும் கொண்ட காவலர்கள், பாவத்துக்கு ஏற்ற தண்டனைகள், கடைசியில் எல்லாவற்றையும் மறக்கவைக்கும் பானம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் மட்டும் உள்ளே அழைத்துப் போங்கள்.

அக்கா மகனை அழைத்துப் போனேன். வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடும்போது, “பயமா இருந்துச்சு சித்தி. ஆனா அதுல யாரையும் பிடிக்கல” என்றான். அங்கே நிற்கிற நீதிபதிகளுக்கு ஆசை கிடையாது. அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். மறுநாள் யாரும் குதிரைத்தலைக் காவலனைப்போல் நடந்து காட்டவில்லை.

ஏழாம் படி: வீட்டுக்கு அருகில் இருக்கும் வில்லன்

பிள்ளைகள் வளர வளர, கொம்பும் வாளும் இல்லாத வில்லன்கள் பக்கம் வாருங்கள். ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் ஐந்தாம் படத்தில் (2007) வரும் ஆசிரியை அம்பிரிஜ் அம்மையாரை, கதையின் பெரிய வில்லனான வோல்டமார்ட்டைவிட அதிகமாக அக்கா மகன் வெறுத்தான். இளஞ்சிவப்பு உடை, பூனைக்குட்டித் தட்டுகள், தேனான குரல், ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டங்கள். வோல்டமார்ட்டைப் பிள்ளைகள் நேரில் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே தண்டிக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001). ஜிப்லி ஸ்டூடியோவின் படம், மியாசாகி இயக்கியது. குளியல் விடுதியை நடத்தும் யுபாபா, வேலை கேட்டு வரும் சிறுமி சிஹிரோவின் பெயரிலிருந்து எழுத்துகளைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை ‘சென்’ என்று திருப்பிக் கொடுக்கிறாள். பெயரை மறந்தால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. யுபாபா முழுக் கொடுமைக்காரியும் இல்லை, தன் பெரிய குழந்தையிடம் உருகுகிறவள். அவளுடைய இரட்டைச் சகோதரி அதே முகத்தோடு அன்பான பாட்டியாக இருக்கிறாள்.

அந்தக் காட்சியில் மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஐந்து எழுத்து, நடுவில் ழகரம் உண்டு. பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்ல வரவில்லை என்று முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவார், வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. “அம்மா, என் பேரையும் பாதி எடுத்துட்டாங்க” என்றாள். ஒன்றரை வருடமாக அதை என்னிடம் சொன்னதில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளே ஆசிரியரிடம் போய் முழுப் பெயரையும் மூன்று தடவை சொல்லிக் காட்டிவிட்டு வந்தாள். இப்போது சரியாகவே கூப்பிடுகிறார்.

எட்டாம் படி: விழுவதையும் முழுசாகப் பாருங்கள்

வில்லன் தோற்றதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். அவன் எப்படி விழுகிறான் என்பது முக்கியம். ‘ஸ்னோ ஒயிட்’ (1937) ராணி மலையுச்சியிலிருந்து விழுகிறாள், கழுகுகள் மெல்ல இறங்குகின்றன. அதோடு சரி.

கம்பனிடம் வாருங்கள். முதல் நாள் போரில் ஆயுதமிழந்து நிற்கும் இராவணனிடம் இராமன், இன்று போய் நாளை வா என்கிறான். இராவணன் திரும்பி நடக்கிறான். யானைகளோடு மோதிய மார்பு, மலையை எடுத்த தோள், நாரதருக்கு ஏற்பப் பாடிய நாக்கு, பத்து மகுடங்கள், சிவன் கொடுத்த வாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் வீரத்தையும் களத்திலே போட்டுவிட்டு வெறுங்கையோடு போனான் என்கிறான் கம்பன். எங்கள் வீட்டில் இதைப் பாட்டிதான் சொன்னார், விளக்கை அணைத்துவிட்டு. “பாவம் பாட்டி” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “பாவம்தான். சீதையை நினைச்சுப் பார், அதுவும் பாவம்தான்” என்றார் பாட்டி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: ஒரு வில்லனை உருவாக்கச் சொல்லுங்கள்

விடுமுறையின் கடைசி வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுவது அட்டைப்பெட்டி, வண்ணப் பேனா, ஒரு பழைய சேலை. முதலில் ஆசை, அப்புறம் குரல், அப்புறம் கை என்ன செய்யும், கடைசியில்தான் முகம். முகத்தில் தொடங்கினால் எல்லாருமே கொம்பு வரைவார்கள்.

என் மகன் உருவாக்கியவன் பெயர் பொத்தான் ராஜா. எங்கள் புளோக்கின் லிஃப்டில் இருப்பவன். நீங்கள் எந்த மாடியை அழுத்தினாலும் லிஃப்ட் 13-இல்தான் நிற்கும். ஏன் என்று கேட்டோம். அவன் 13-ஆவது மாடியில் தனியாக இருக்கிறான், யாரும் அங்கே வருவதில்லை, அதனால் எல்லாரையும் நிறுத்திப் பார்க்கிறான் என்றான் மகன்.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கேற்றம். மகளும் அக்கா மகனும் பாட்டியின் சுங்குடிச் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். பின்னாலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ‘டிங்’. சேலைக்கு மேலே சிவப்பு வட்டம் ஒட்டிய அட்டைக் கிரீடத்தின் நுனி தெரிந்தது. “யாரு என் மாடியில?” என்றது குரல், அவன் குரலைவிட ரொம்பக் கீழே. பாட்டி முறுக்கைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். திரை விலகியது.